பாடலைத் திரையில் காட்ட எந்த மடிக்கணனி?



கண்டிக்கு மேலே தேயிலைத் தோட்டமொன்றில் உள்ள சிற்றாலயத்தின் சபைச் செயலாளர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். கையில் நகரத்துக் கடையொன்றில் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு. பூசையில் பாடல்களையும் வாசகங்களையும் திரையில் காட்ட மடிக்கணனி ஒன்று வாங்க வேண்டுமென்று பத்து மாதங்களாகச் சம்பளத்தன்று வீடு வீடாகச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. சீட்டில் இருந்த தொகையோ அதைப்போல் இரண்டு மடங்கு. கணனி விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் பெரிய இயந்திரம் அது. "இதுக்குக் குறைஞ்சதில ஓடாதுன்னு சொல்றாங்க சாமி" என்றார்.

ஓடும். நன்றாகவே ஓடும். இதே கேள்வியோடு வேறு பங்குகளும் இருப்பதை அறிவேன். ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

முதலில் வேலை எத்தகையது என்று பாருங்கள். எழுத்துக்களைத் திரையில் காட்ட வேண்டும். எப்போதாவது ஒரு படமோ சிறு வீடியோவோ காட்ட வேண்டும். இதற்கு விசேட வரைகலை அட்டை வேண்டியதில்லை. 8 ஜீ.பி. நினைவகம், 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம், இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி: இவ்வளவே போதும். தலைமுறையைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஐ5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. "ஐ7 சார், பெரிய மெஷின்" என்று மட்டும் சொல்லி விற்கப் பார்ப்பவரிடம் அந்த அடுத்த இலக்கத்தைக் கேளுங்கள்.

எட்டாம் தலைமுறை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே ஏற்கப்படுகிறது. அதற்கு முந்திய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது ஏன் மலிவு என்பது இப்போது விளங்கும். நம் ஆலயக் கணனியில் ஊரிலுள்ள இளைஞர் எல்லாருடைய பென் டிரைவும் செருகப்படும். பாதுகாப்பு இல்லாத இயந்திரம் நமக்கு ஒத்துவராது.

புதியதா, பழையதா? 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்பு சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. இறக்குமதிப் பொருளான கணனியின் விலையில் அது தெரிகிறது. ஆகவே சிலர் 4 ஜீ.பி. நினைவகமும் 64 ஜீ.பி. ஈ.எம்.எம்.சி. சேமிப்பகமும் கொண்ட மலிவான புது மடிக்கணனியை நாடுகிறார்கள். இது தவறான சிக்கனம். விண்டோஸ் 11 தானே கேட்கும் ஆகக் குறைந்த அளவு அதுதான். பாடலுக்கு என்ன மிஞ்சும்? பின்னர் கூட்டவும் பெரும்பாலும் முடியாது. அதைவிட, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் லற்றிட்யூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் போன்றவற்றுள் நல்லதொன்றை எழுத்து மூலமான உத்தரவாதத்தோடு வாங்குவதே மேல் என்பது என் அபிப்பிராயம். மின்கல அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோசிலேயே அந்த வசதி உண்டு. தொடக்கத்தில் இருந்த கொள்ளளவில் பாதிகூட இப்போது இல்லையென்றால் புது மின்கலத்தின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.

மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகவே சொல்கிறேன். திருட்டுப் பிரதியை ஏற்றித் தருகிறோம் என்பார்கள், வேண்டாம். ஏழாம் கட்டளையைப் பீடத்திலிருந்து போதித்துவிட்டு, அதே பீடத்துக்கு அருகே திருடியதை வைத்துப் பாடல் காட்ட முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. ஓபன்எல்.பீ., ஃப்ரீஷோ என்னும் இரண்டும் ஆலயங்களுக்கென்றே எழுதப்பட்டு இலவசமாக வழங்கப்படுகின்றன. லிப்ரே ஒஃபிசும் இலவசமே. விண்டோசுக்கு அனுமதி இல்லையென்றால் லினக்சிலும் இவை ஓடும்.

இனி, எந்தக் கடையிலும் சொல்லித் தராத ஒரு விடயத்துக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன், நான் உதவிக் குருவாக இருந்த பங்கொன்றில் திருவிழாப் பூசை. பாடகர் குழுவினர் வீட்டில் அழகாகத் தட்டெழுதிய பாடல்களைப் பென் டிரைவில் கொண்டு வந்தார்கள். வருகைப் பாடல் தொடங்கியது. திரை முழுவதும் ஆங்கில எழுத்துக்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல், அர்த்தமே இல்லாமல்! இளைஞர்கள் மனப்பாடமாய்ப் பாடிச் சமாளித்தார்கள். தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பாட்டி, திரையில் படித்துப் பாடலாம் என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து என்னிடம், "இன்னைக்கு இங்கிலீசுப் பூசையா சாமி?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தது நினைவிருக்கிறது.

குற்றம் கணனியினுடையதன்று. நம் நாட்டில் பெரும்பாலான பாடல் கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. பாமினியில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கிறது. கோப்பின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தே. எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் வேடம் கலைந்துவிடும். யூனிகோட் முறையிலோ ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் தனக்கென்று ஓர் எண் உண்டு. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. இன்றைய விண்டோசுடன் வரும் நிர்மலா என்னும் எழுத்துருவில் தமிழும் உண்டு, சிங்களமும் உண்டு; இரு மொழியிலும் பூசை நடக்கும் கண்டி நகரத்து ஆலயங்களுக்கு இது பெரிய வசதி. பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் பல இருக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். இது பணச் செலவில்லாத வேலை. ஆனால் பொறுமை வேண்டும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பின் மூத்த பிள்ளைகளிடம் வாரம் பத்துப் பாடலாகக் கொடுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த கணனி வாங்கினாலும் பயனில்லை.

வயர் விடயத்திலும் கவனம் தேவை. பழைய புரொஜெக்டரில் வீ.ஜீ.ஏ. துளை மட்டும் இருக்கலாம். புதிய மடிக்கணனியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கும். இடையில் ஒரு மாற்றி வேண்டும். சாதாரண எச்.டி.எம்.ஐ. வயரைப் பதினைந்து மீற்றருக்கு மேல் இழுத்தால் படம் விட்டுவிட்டு வரலாம். மேசையைத் திரைக்கு அருகே வைத்துக்கொள்ளுங்கள். கணனித் திரையையும் ஆலயத் திரையையும் 'நீட்டிப்பு' முறையில் இணைத்தால் இயக்குபவர் அடுத்த பாடலைத் தேடுவது மக்களுக்குத் தெரியாது. விண்டோஸ் பொத்தானுடன் பீ எழுத்தை அழுத்தினால் அந்தத் தெரிவு வரும். பூசை நேரத்தில் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். நற்கருணை எழுந்தேற்றத்தின்போது திரையில் விளம்பரம் எட்டிப் பார்க்கக் கூடாது.

திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆந் திகதி வெளியிட்டது. மக்கள் பாடிப் பதிலளித்துப் பங்குகொள்ள வேண்டுமென்று கூறும் அதன் 30ஆம் பிரிவு, தக்க வேளையில் மௌனமும் வேண்டும் என்கிறது. ஓபன்எல்.பீ.யில் திரையை ஒரே அழுத்தில் இருளாக்கும் பொத்தான் உண்டு. இயக்கும் பிள்ளைக்கு முதலில் அதைக் காட்டிக் கொடுங்கள்.

மின்சாரத்தை நம்ப முடியாது என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் அணைத்துவிட்டது! மடிக்கணனி தன் மின்கலத்தில் ஓடும், புரொஜெக்டர் ஓடாது. ஆகவே பழைய பாடற் புத்தகங்களைக் கரையானுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

செயலாளர் மறுபடி கடைக்குப் போயிருக்கிறார். இம்முறை பையில் ஆலயத்துப் புரொஜெக்டரின் வயரும், யூனிகோடில் தட்டெழுதிய ஒரு தமிழ்ப் பாடலும் இருக்கின்றன. காசு கொடுக்கும் முன் அந்தப் பாடல் அங்கேயே திரையில் சரியாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மிச்சப்படும் பணத்தில் புரொஜெக்டருக்கு ஒரு யூ.பீ.எஸ். வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வாங்கலாம்.