கஷ்டமான ரிப்பேர்: கை வைக்கலாமா, வெளியே அனுப்பலாமா?

ஆயில் மாற்றவும் பிரேக் பேட் போடவும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் ரேட்டை ஏற்றுவது மற்றவர்கள் தயங்கும் வேலைதான். அதே வேலை சொதப்பினால் மூன்று மாத லாபம் போகும், கஸ்டமரும் போவார். ஆகவே 'செய்யலாமா' என்ற முடிவை எடுப்பதே ஒரு ஸ்கில். சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாலும், சர்வீஸ் சென்டரில் ஜூனியர் டெக்னீஷியனாக இருந்தாலும் இது பொருந்தும். ஹெட் கேஸ்கட் வேலையையே எடுத்துக்கொள்வோம்.

1. கம்ப்ளெய்ன்ட்டை நீங்களே உறுதி செய்யுங்கள். 'ஓவர்ஹீட் ஆகுது' என்று வரும் எல்லா வண்டியிலும் ஹெட் கேஸ்கட் போயிருக்காது. ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று சந்தேகப்பட நிறைய இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கூலண்டில் விடாமல் குமிழி வருகிறதா? டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா? கம்ப்ரெஷன் டெஸ்டில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாகக் காட்டுகின்றனவா? அப்படியானால் கேஸ்கட் மேல் கை நீட்டலாம். வேலையை யாரிடம் கொடுத்தாலும் டயக்னோசிஸை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கஸ்டமர் நம்புவது, என்ன கோளாறு என்று முதலில் சரியாகச் சொன்னவரைத்தான்.

2. டூலும் மேனுவலும் இருக்கிறதா பாருங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஹெட்டைக் கழற்றுவது சுலபம். திரும்ப உட்கார வைப்பதில்தான் வேலையே. அலுமினியம் ஹெட் சூட்டில் வளையும். ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் மேனுவல் அனுமதிப்பது 0.05 மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. முதலில் டார்க், பிறகு டிகிரிக் கணக்கில் திருப்பு, அதுவும் மேனுவல் சொல்லும் வரிசையில். பல டீசல் எஞ்சின்களுக்கு, பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டுகிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் வாங்க வேண்டும். டைமிங் மார்க் தவறினால், பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். 'கைப்பழக்கத்தில் டைட் வைப்பேன்' என்பவர் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

3. கெட்டால் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். ஒரு போல்ட் பிளாக்குக்குள் உடைந்தால் என்ன செலவு? லேத்தில் ஹெட் மாட்டிக்கொண்டால் வண்டி நிற்கும் பே எத்தனை நாள் முடங்கும்? அதற்குள் எத்தனை சாதாரண சர்வீஸ் கைவிட்டுப் போகும்? அந்தத் தொகையை உங்கள் பையிலிருந்து தாங்க முடியாது என்றால் வேலையை எடுக்காதீர்கள்.

4. டிரெயினிங் இல்லாமல் தொடக் கூடாதவை: ஏர்பேக், எலெக்ட்ரிக் மற்றும் ஹைப்ரிட் வண்டிகளின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள், காமன் ரெயில் டீசலின் ஹை பிரஷர் லைன். அந்த லைனில் பிரஷர் 1,000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இதில் தைரியத்துக்கு வேலையில்லை. முறையான டிரெயினிங் எடுத்துவிட்டு வாருங்கள், நல்ல சம்பளமும் அங்கேதான்.

5. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹெட் ஃபேசிங் லேத்துக்கு, இன்ஜெக்டர் டீசல் பம்ப் சர்வீஸுக்கு, கழற்றி மாட்டுவது உங்களுக்கு. லேத்துக்கு ஹெட்டை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். எவ்வளவு மெட்டல் எடுத்தார்கள், வால்வு சீட்டை எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். சம்பளத்தில் இருப்பவர் என்றால், சீனியர் ஹெட் இறக்கும் நாளில் ஹெல்ப்பராகக் கூடவே நிற்கக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்காவிட்டால் பக்கத்து பே பையன் கேட்டுவிடுவான்.

6. எஸ்டிமேட்டை இரண்டாகக் கொடுங்கள். திறந்து பார்க்க இவ்வளவு. திறந்த பிறகு, கண்டதைப் பொறுத்து இவ்வளவு. ஃபோட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி 'ஓகே' வாங்கிய பிறகே அடுத்த போல்ட்.

டார்க் ரெஞ்ச் இன்னும் வாங்கவில்லையா? அடுத்த ஹெட் வேலைக்கு ரேட் பேசுவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள்.