வெள்ளிக்கிழமைக் கணக்கு

அன்பின் மருமகனுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. ஃபோர்முலா ஒன் வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் வெளியான நேர அட்டவணையில் முதலாவது பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "மாமா, ஞாயிறு இவர்தான்" என்று எழுதியிருந்தாய். ஞாயிறு வேறு ஒருவர் வென்றார். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கோபமோ வெட்கமோ தெரியாது, இரண்டும் தேவையில்லை. அந்த அட்டவணையை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் கொழும்பில் மோட்டார் மெக்கானிக் வேலை படிக்கிற நீ, பார்வையாளர் வரிசையில் இருக்கிறவன் பார்க்கிற மாதிரி அதைப் பார்க்கக்கூடாது. இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

ஒழுங்கு உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு பயிற்சி, சனிக்கிழமை மூன்றாவது, ஒவ்வொன்றும் 60 நிமிடம். அதே சனிக்கிழமை, தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கும் தகுதிகாண் ஓட்டம். ஞாயிறு பந்தயம். பந்தயக் காலம் தொடங்கிவிட்டால் அந்த வருடத்துக் காரை நினைத்த நேரம் எடுத்து ஓடிப் பார்க்க விதி விடாது. ஆகவே ஒரு புதிய பாகம் நன்றாக வேலை செய்கிறதா என்று உண்மையான பாதையில் பார்க்க அணிகளுக்கு அந்த மூன்று மணித்தியாலம்தான் இருக்கிறது. இப்போது சில இடங்களில் 'ஸ்பிரிண்ட்' என்று 100 கிலோமீற்றர் சிறு பந்தயம் ஒன்றையும் நுழைத்து, பயிற்சியை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். சீட்டு விற்கிறவர்களுக்கு அது இலாபம். காரைப் புரிந்துகொள்ள விரும்புகிற என்னைப் போன்றவர்களுக்கு நட்டம்தான்.

பயிற்சியில் யாரும் யாருடனும் ஓடவில்லை. ஒவ்வொரு காரும் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு போகிறது. ஒன்று புதிய முன் இறக்கையைப் பார்க்கிறது. இன்னொன்று முழு எரிபொருளோடு டயர் எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்று பார்க்கிறது. மூன்றாவது, எரிபொருளைக் குறைத்து ஒரே ஒரு வேகச் சுற்றை ஒத்திகை பார்க்கிறது. தொட்டியில் 10 கிலோ எரிபொருள் கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 செக்கன் போய்விடும், பாதைக்குப் பாதை கொஞ்சம் மாறும். ஒருவர் 60 கிலோவோடும் மற்றவர் 10 கிலோவோடும் ஓடினால் அதிலேயே ஒன்றரைச் செக்கன் வித்தியாசம். நீ வட்டம் போட்ட அட்டவணையிலோ எரிபொருளுக்கு ஒரு நிரல் இல்லை. எஞ்சினை எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பதற்கும் இல்லை.

டயரின் நிறத்தையாவது திரையில் பார்க்கலாம். பிரெல்லி கொண்டுவரும் காய்ந்த பாதை டயர்களில் வெள்ளைக் கோடு கடினம், மஞ்சள் நடுத்தரம், சிவப்பு மென்மை. வழமையான வார இறுதிக்கு ஒரு காருக்கு 13 செட்: எட்டு மென்மை, மூன்று நடுத்தரம், இரண்டு கடினம். பயிற்சி முடிய முடியக் குறித்த எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மென்மை டயர் ஒரு சுற்றுக்கு நன்றாகப் பிடிக்கும், பிறகு சூடேறி வழுக்கத் தொடங்கும். சூடு குறைந்தாலும் பிடிக்காது. அதனால்தான் கார் வெளியே போகும்வரை டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்தி வைக்கிறார்கள். சில சாரதிகள் வெளிச்சுற்றில் வளைந்து நெளிந்து போவதும் சூட்டுக்காகத்தான், விளையாட்டு இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை நீ பார்க்க வேண்டியது நீள ஓட்டத்தை. ஒரு சாரதி பத்துப் பன்னிரண்டு சுற்று விடாமல் ஓடுகிறார் என்றால் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு தாளில் எழுது. உதாரணத்துக்கு, ஒரு கார் 92.0 செக்கனில் தொடங்கிச் சீராகத் தேய்ந்து பன்னிரண்டாவது சுற்றில் 93.5க்கு வருகிறது. மற்றக் கார் 92.4 இல் தொடங்கி 92.9 இல் முடிக்கிறது. அட்டவணை முதற் காரைத்தான் மேலே போடும். கூட்டிப் பார்: பன்னிரண்டு சுற்றில் இரண்டாவது கார் ஒரு செக்கனுக்கும் மேலே முன்னால் நிற்கிறது, இடைவெளி இன்னும் கூடப்போகிறது. எரிபொருள் ஒன்றாக இருந்தால், என்ற நிபந்தனையை மறக்காதே. அது உனக்கும் எனக்கும் தெரியவே தெரியாது.

சாய்ந்தமருதில் நானாவின் கராஜில் நீ விடுமுறை நாட்களில் நின்றாயே, அவர் ஒரே நேரத்தில் பிளக்கையும் காபரேட்டரையும் தொட விடமாட்டார். இரண்டையும் மாற்றிவிட்டு வண்டி சரியானால், எது சரியாக்கியது என்று தெரியாது என்பார். பயிற்சியின் சட்டமும் அதுதான். இறக்கையின் சாய்வை மாற்றினால் மூன்று சுற்று, உயரத்தை மாற்றினால் இன்னொரு மூன்று சுற்று. சாரதி திரும்பி வந்து, முன் சில்லு திரும்ப மறுக்கிறது, பின் சில்லு வழுக்குகிறது என்று சொல்ல வேண்டும். காரின் உடலில் பச்சை வர்ணம் பூசி ஓடவிட்டு, காற்று அதை எந்தப் பக்கம் இழுத்துக் காயவைத்திருக்கிறது என்று படம் எடுப்பார்கள். இதற்கிடையில் பாதையே மாறிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை தூசியாக இருந்த இடத்தில் கார்கள் ஓட ஓட ரப்பர் படிந்து பிடிப்புக் கூடும். காரில் ஒரு ஆணியைக்கூடத் தொடாமல் நேரம் குறையும். குறைந்த நேரத்தில் பாதையின் பங்கு எவ்வளவு, தன் வேலையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்தவன்தான் நல்ல பொறியியலாளன்.

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு ஒரு சென்னைப் பிள்ளையின் கதை இருக்கிறது. கருண் சந்தோக். மோட்டார் ஓட்டம் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறை. தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2010 மார்ச்சில், நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற அதே பஹ்ரைனில், ஹிஸ்பானியா என்ற புதிய அணிக்குக் கருண் வந்தார். அணியிடம் காசு இல்லை, பந்தயக் காலத்துக்கு முன் அந்தக் கார் எங்கும் சோதித்து ஓட்டப்படவும் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க மெக்கானிக்குகள் அவருடைய காரைப் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். சனி காலைப் பயிற்சியும் போயிற்று. கருண் அந்தக் காரை முதன்முதலாகப் பாதைக்குக் கொண்டுவந்தது தகுதிகாண் ஓட்டத்தில்! எந்த இடத்தில் பிரேக் அடிக்க வேண்டும், ஸ்டியரிங் எவ்வளவு கனம், கியர் எப்படி விழும், எல்லாவற்றையும் உலகம் பார்த்துக்கொண்டிருக்கக் கற்றார்.

கடைசி இடம்தான் வந்தார். ஆனால் அதே அணியின் மற்றக் காரில், பயிற்சியில் ஓடியிருந்த புரூனோ சென்னாவுக்கு இரண்டு செக்கனுக்குள் வந்தார். (புரூனோ யார் தெரியுமா? அயர்ட்டன் சென்னாவின் அக்கா மகன். அங்கேயும் மாமன் மருமகன் கதைதான்.) என்னைக் கேட்டால், அந்தச் சனிக்கிழமைக் கடைசி இடம் பல பத்தாம் இடங்களை விடப் பெரியது. ஞாயிறு பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே ஒரு மேட்டில் கார் குலுங்கிக் கைவிட்டுப் போயிற்று. அந்த மேட்டை வெள்ளிக்கிழமை இருபது தரம் கடந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

அடுத்த வருடம் அதே அணி, மெல்பேர்ன். இம்முறை கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். மறுபடியும் வெள்ளிக்கிழமை ஏறக்குறைய முழுவதும் கராஜுக்குள்ளேயே போனது. ஆனால் 2011 இல் ஒரு பழைய விதி திரும்ப வந்திருந்தது: தகுதிகாணின் முதற் பகுதியில் மிக வேகமான நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வர வேண்டும். வேகமானவருக்கு 100 செக்கன் என்றால் உனக்கு 107. அந்த அணியின் இரண்டு கார்களும் எல்லைக்கு வெளியே நின்றன. ஞாயிறு நரேனுக்குப் பந்தயமே இல்லை. அடுத்த வருடம் அதே மெல்பேர்னில் அதே கதை திரும்பவும் நடந்தது. நரேனுக்கு வேகம் போதவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. அவர்கள் வெள்ளிக்கிழமையைப் பார்க்கவில்லை.

தகுதிகாண் ஓட்டம் இதற்கு நேர்மாறு. அங்கே கேள்வி கிடையாது, பதில் மட்டும். 2006 முதல், இடையில் சிறு குழப்பம் தவிர, மூன்று பகுதியாக நடக்கிறது. 2025 இல் 20 கார்கள் ஓடியபோது 18 நிமிட முதற் பகுதியில் ஐந்து பேர் வெளியே, 15 நிமிட இரண்டாம் பகுதியில் ஐந்து பேர் வெளியே, மிச்சப் பத்துப் பேர் 12 நிமிடத்தில் 'போல்' என்கிற முதலிடத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொரு முயற்சியும் மூன்று சுற்று: டயரைச் சூடாக்கும் வெளிச்சுற்று, ஒரு வேகச் சுற்று, திரும்பி வரும் சுற்று. மெக்கானிக்காக நீ நினைவில் வைக்க வேண்டிய விதி 'பார்க் ஃபெர்மே'. தகுதிகாணுக்குக் கார் வெளியே போனதும் அமைப்பு பூட்டப்பட்டுவிடும். முன் இறக்கைச் சாய்வு போன்ற சில சின்னத் திருத்தங்களைத் தவிர ஞாயிறுவரை மாற்ற முடியாது, மாற்றினால் பந்தயத்தைப் பிட் ஒழுங்கையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு சுற்றுக்காக அமைத்தால் ஞாயிறு டயர் தின்னும், ஞாயிறுக்காக அமைத்தால் சனி பின்னால் நிற்பாய். அந்தப் பேரத்தை வெள்ளிக்கிழமையே முடித்திருக்க வேண்டும்.

வித்தியாசம் எவ்வளவு நுணுக்கம் என்றால், 1997 இல் ஹெரெஸில் வில்நெவ், மைக்கேல் ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் மூவரும் ஒரே நேரத்தை எடுத்தார்கள்: 1 நிமிடம் 21.072 செக்கன். முதலில் எடுத்தவருக்கு முதலிடம் கொடுத்தார்கள். புத்தி எவ்வளவு தேவை என்பதற்கு 2019 மொன்ஸா. முன்னால் போகிறவரின் காற்றிழுப்பு எல்லோருக்கும் வேண்டும், முன்னால் போக ஒருவருக்கும் மனம் இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசி வேகச் சுற்றைத் தொடங்குமுன் பெரும்பாலானோருக்கு நேரம் முடிந்துவிட்டது. எத்தனை கோடிக் கார்கள், எல்லாம் மாட்டுவண்டி வேகத்தில்!

கொடியைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சிதானே என்று மஞ்சள் கொடியை மதிக்காமல் போனால் அது சனிக்கிழமை உன் இடத்தைத் தின்னும். 2011 ஒக்டோபரில் டில்லிக்கு அருகே புத் ஓடுபாதையில் இந்தியாவின் முதலாவது கிராண்ட் பிரீ. முதற் பயிற்சியில் ஒரு தெருநாய் பாதைக்குள் வந்து ஓட்டத்தை நிறுத்தியதுதான் செய்தியாயிற்று. அதே பயிற்சியில் இரட்டை மஞ்சள் கொடிக்கு வேகம் குறைக்காத ஹமில்டனும் பெரெஸும் மூன்று இடம் பின்தள்ளப்பட்டார்கள். தகுதிகாணில் இரண்டாவதாக வந்த ஹமில்டன் ஐந்தாவதாகத் தொடங்கினார். தகுதிகாணில் ஷூமாக்கரின் வழியை மறித்ததற்காக நரேனுக்கு ஐந்து இடத் தண்டனை. கருணும் அன்று லோட்டஸ் காரில் ஓடினார், அந்த முதற் பயிற்சியில் மட்டும். சொந்த நாட்டில் அவருக்கு ஞாயிறு கிடைக்கவில்லை. தண்டனை கூடிப்போனதென்று உனக்குத் தோன்றினால் தியத்தலாவையை நினை. 2024 ஏப்ரல் 21, ஃபொக்ஸ்ஹில் பந்தயம். ஒரு கார் கவிழ்ந்த பிறகு இன்னொரு கார் பாதை விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை.

நடிகர் அஜித்தின் கார் துபாயில் சுழன்ற காணொளியை நீயும் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பாய். 2025 ஜனவரி 7, அதுவும் பயிற்சிதான். பிரேக் பழுது என்று சொன்னார்கள். அவருக்குக் காயம் இல்லை, அணி அங்கே நடந்த 24 மணித்தியாலப் பந்தயத்தில் 991 பிரிவில் மூன்றாவதாக வந்தது. "பயிற்சியிலேயே இப்படியா" என்று கேட்டிருந்தாய். பழுது வெளியே வர வேண்டிய இடமே அதுதான், மருமகன். 2005 ஜூனில் இண்டியானாபொலிஸில் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சரிந்த பதின்மூன்றாவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷெலின் டயர் விட்டுப் போய்க் கார் சுவரில் மோதியது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் டயருக்கு உத்தரவாதம் இல்லை என்று மிஷெலினே சொன்னது. சனிக்கிழமை, ஒன்றும் நடக்காத மாதிரி தகுதிகாண் நடந்தது. மிஷெலின் டயரில் ஓடிய ட்ருல்லி முதலிடம் எடுத்தார். ஞாயிறு ஆயத்தச் சுற்று முடிந்ததும் 14 மிஷெலின் கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அந்த ஆறில் ஜோர்டன் காரில் இருந்த நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார், ஃபோர்முலா ஒன்றில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள். அதிர்ஷ்டம் என்பார்கள், சொல்லட்டும். பிழையான டயரில் ஓடாமல் நிறுத்தியவர்களையும் சரியான டயரில் முடியும்வரை ஓடியவரையும் நான் ஒரே தட்டில் வைப்பேன்.

சிங்கப்பூர் பந்தயம் இரவில் நடப்பதால் தகுதிகாண் நமக்கு வழமையாகப் பின்னேரம் ஆறரை மணிக்கு வரும். வகுப்பு இல்லாத நேரம், பார்க்கலாம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் நான்கு கார்களைத் தெரிந்தெடு, எல்லாவற்றையும் வேண்டாம். டயரின் நிறம், எத்தனையாவது சுற்று, நேரம், சாரதி ரேடியோவில் சொன்ன முறைப்பாடு, இவ்வளவும் எழுது. சனிக்கிழமை போலை விட்டுவிட்டு, இரண்டாம் பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் எட்டாம் இடத்திலிருந்து பதின்மூன்றாம் இடம்வரை பார். பாதையில் பிடிப்பு கூடிக்கொண்டிருக்கும், எல்லோரும் கடைசி நிமிடத்தில் கொடியைக் கடக்கப் பார்ப்பார்கள், ஒருவர் சுழன்று மஞ்சள் கொடி விழுந்தால் பின்னால் வந்தவர்களின் சுற்றுக் கெட்டுப்போகும். யார் முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தைப் பதிந்து வைத்திருக்கிறார், யார் எல்லாவற்றையும் கடைசிச் சுற்றில் வைத்திருக்கிறார் என்று குறித்துக்கொள். தாளைப் படம் பிடித்து அனுப்பு, எழுத்து வாசிக்கிற மாதிரி இருக்கட்டும்.

அம்மா கேட்டாள், பொங்கலுக்கு வருவாயா என்று. பதில் அவளுக்குப் போடு, எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
மாமா,
காரைதீவு.