முகாமில் பிறந்தவருக்கு பாஸ்போர்ட்

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தேன். இப்போது மின்னூர் முகாமில் இருந்துகொண்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் கேட்டால் ‘நீங்கள் அகதி’ என்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?
– வாசகி, ஆம்பூர்

அகதி அட்டை கையில் இருக்கட்டும் சகோதரி, சட்டப்படி நீங்கள் பிறந்த அன்றே இந்தியக் குடிமகள்! 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் பாருங்கள். 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே கிடையாது. உங்களைப் போலவே மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண்ணுக்கு, 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டுவிட்டார்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். அது இல்லாமல் எந்த வக்கீலாலும் நகர முடியாது. தொலைந்திருந்தால், பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் நகல் கேளுங்கள். பாஸ்போர்ட் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை எதிர்த்து வழக்குப் போட முடியாது. அப்புறம் 15100-க்கு போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு, வருமானம் பார்க்காமல், இலவசமாக வக்கீல் தரும். திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான். மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம். முகாம் மக்களின் ஆவணச் சிக்கல்களில் பழகியவர்கள் வேண்டுமென்றால், 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் சென்னையில் இருக்கிறது.

1.7.1987 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த தம்பி தங்கை இருந்தால், பெற்றோர் இருவரும் இலங்கையர் என்ற நிலையில் இந்த வழி அவர்களுக்குத் திறக்காது. உங்கள் மனுவோடு அவர்களைச் சேர்க்காதீர்கள்.