இராமன் ஒளியும் புற்றுநோய்ச் சோதனையும்

கொல்கத்தாவில் காளிகாட் கோயிலுக்குச் சிறிது தொலைவில், ஹாஸ்ரா சந்திப்பை அடுத்துச் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர் அனைவரும் அறிந்த இடம் அது. 1950 ஜனவரியில் அதைத் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். இவர் ரேடியத்தைக் கண்ட மேரி கியூரியின் மகள். தாமும் நோபல் பரிசு பெற்றவர்.

அங்கிருந்து சில மைல் வடக்கே பௌபஜார் தெரு. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், யாதவபூருக்குப் பெயரும் முன், அத்தெருவில் இருந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று அங்கேதான் இராமன் விளைவு உறுதிப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர். சி. வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அவ்வாய்வில் உழைத்தனர்.

பௌபஜாரில் கண்ட ஒளி, ஹாஸ்ரா மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளிக்கு எவ்வாறு உதவக்கூடும்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறிப்பொருள் என்பது யாது?

நம் நாட்டில் புற்றுநோயாளர் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். கட்டி கைக்குத் தட்டுப்படுமுன்னே நோயை அறிய இயலுமா? சில புற்றுநோய்களில் குறிப்பிட்ட புரதங்கள் குருதியில் மிகுகின்றன. நோயைக் குறித்துக் காட்டுவதால் இவற்றைக் குறிப்பொருள்கள் எனலாம். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் பி.எஸ்.ஏ., சினைப்பைப் புற்றுநோயில் மிகும் சி.ஏ.125 ஆகியவை நன்கு தெரிந்தவை. பி.எஸ்.ஏ. ஒரு மில்லிலிட்டர் குருதியில் 4 நானோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு சோதிப்பது நெடுநாள் வழக்கம். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நோயின் தொடக்கத்தில் இவ்வளவு கூட இராது. ஆகவேதான் மிக நுண்ணிய சோதனைகளை அறிஞர் தேடுகின்றனர்.

ஒளி தரும் அடையாளம்

ஒரு நிற ஒளியை ஒரு பொருளின்மேல் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் வெளிவரும். மிகச் சிறிய பகுதி மட்டும், மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைக் கொடுத்தோ வாங்கியோ நிறம் மாறி வரும். இதுவே இராமன் விளைவு. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய முறையில் அதிர்வதால், மாறிய நிறக்கோடுகள் அதன் கைரேகை போல் அமைகின்றன. ஆனால் இவ்வொளி மிக மங்கலானது. சிதறும் ஒளித்துகள் ஒரு கோடியில் ஒன்று இவ்வாறு மாறினால் அதுவே பெரிது. குருதியில் அருகிக் கிடக்கும் புரதத்தை இதைக் கொண்டு காண்பது எங்ஙனம்?

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1974-இல் இங்கிலாந்தின் சௌதாம்டன் பல்கலைக்கழகத்தில் பிளீஷ்மன், ஹென்ட்ரா, மக்குவில்லன் ஆகிய மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் படிந்த பிரிடின் என்னும் சேர்மம் வியப்பூட்டும் வலிமையுடன் இராமன் ஒளி தருவதைக் கண்டனர். பரப்பு மிகுந்தது மட்டும் இதற்குக் காரணமன்று என்பதை 1977-இல் வேறு இரு குழுவினர் காட்டினர். பொன், வெள்ளி ஆகியவற்றின் நுண்துகளில் ஒளி படும்போது, அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒன்றுகூடி ஊசலாடுகின்றன. இரு துகள்களுக்கு இடையேயுள்ள குறுகிய இடுக்கில் ஒளியின் புலம் பன்மடங்கு பெருகுகிறது. அங்கு அகப்பட்ட மூலக்கூறின் இராமன் ஒளி பத்து இலட்சம் மடங்குக்கு மேலும் பெருகக்கூடும்.

இவ்வூசலாட்டத்தின் விளைவை எளிதில் காணலாம். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்கள் நீரில் கலந்திருந்தால் நீர் மஞ்சளாக இராது, சிவந்து தோன்றும். கருவுற்றதை அறிய மருந்துக் கடையில் விற்கும் பட்டைகள் பலவற்றில் தோன்றும் செந்நிறக் கோடு பொன் துகள்களின் கோடே.

சோதனையின் அமைப்பு

ஒரு தகட்டின்மேல், குறிப்பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை முதலில் ஒட்டவைப்பர். அதன்மேல் குருதித் தெளிவை ஊற்றினால் குறிப்பொருள் சிக்கிக்கொள்ளும். பிறகு, ஒரு சாயமும் மற்றோர் எதிர்ப்புரதமும் பூசிய பொன் துகள்களை இடுவர். அவை சிக்கிய குறிப்பொருளைப் பற்றி நிற்கும். எஞ்சியதைக் கழுவிவிட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சாயத்தின் இராமன் கோடுகள் தோன்றும். கோட்டின் வலிமை குறிப்பொருளின் அளவைச் சொல்லும். வெவ்வேறு குறிப்பொருளுக்கு வெவ்வேறு சாயம் வைத்தால், ஒரே சொட்டில் பலவற்றை அளக்கலாம்.

இடையூறுகள் உள. குருதியிலுள்ள பிற புரதங்களும் பொன்னில் ஒட்டிக்கொள்ளும். இன்று செய்த துகளும் நாளை செய்யும் துகளும் ஒரே தன்மையாய் அமைவது அரிது. ஆய்வுக்கூடத்தில் வென்ற பல சோதனைகள் மருத்துவமனை வாயிலைத் தாண்டாமைக்கு இவையும் காரணங்கள்.

நுண்மை மட்டும் போதுமா?

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரில் 10 பேருக்கு நோய் உண்டு எனக் கொள்வோம். நம் சோதனை அப்பத்துப் பேரையும் கண்டுபிடிக்கிறது. நோயற்ற நூறு பேரில் ஒருவரை மட்டும் தவறாக நோயாளி என்கிறது. நல்ல சோதனைதானே? ஆயினும் நோயற்ற 9,990 பேரில் ஏறத்தாழ 100 பேர் நோயாளிகள் எனப்படுவர். 'நோய் உண்டு' என்ற சொல்லைக் கேட்கும் 110 பேரில் 100 பேர் நலமானவர். அவர்தம் அச்சத்துக்கும், தசை எடுத்துச் சோதிக்கும் துன்பத்துக்கும், செலவுக்கும் யார் பொறுப்பு? நோயற்ற உடலிலும் இப்புரதங்கள் சிறிதளவு இருப்பதால், கருவியை மேலும் நுண்மையாக்கினால் மட்டும் இத்தவறு நீங்கிவிடாது.

மற்றொன்று, முன்னதாகக் காண்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல. பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சினைப்பைப் புற்றுநோய்க்கான பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதன் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் சி.ஏ.125 அளந்து வந்த பிரிவில், நோய் தொடக்க நிலையிலேயே அகப்பட்டது மிகுதி. ஆனால் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

இதற்கு மாறாகத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடந்த ஆய்வைப் பாருங்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து கண்ணால் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் அறிவித்தனர். பொன்னும் இல்லை, லேசரும் இல்லை! காலத்தில் கண்டால் குணமாகும் நோயைத் தேர்ந்தது அவ்வெற்றிக்கு வழி செய்தது.

எனவே ஒளியுணர்விகள் வேண்டா என்பதன்று நம் முடிவு. கண்ணுக்கு எட்டாத இடங்களில் தோன்றும் நோய்களுக்கும், சிகிச்சைக்குப் பின் நோய் மீள்கிறதா என்று கவனிப்பதற்கும் அவை பெரிதும் பயன்படக்கூடும். எவ்வளவு சிறிய அளவைக் கண்டோம் என்று எழுதுவதோடு ஆய்வாளன் நின்றுவிடலாகாது. யாரைச் சோதிப்பது, நலமானவரில் எத்தனை பேரை வீணே அஞ்சவைப்போம், கண்ட நோய்க்கு மருத்துவம் கைக்கெட்டுமா ஆகிய மூன்று வினாக்களையும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். பௌதிகமும் வேதியியலும் பயிலும் நம் மாணவர்கள், மருத்துவக் கல்லூரித் தோழரோடு ஒரே மேசையில் அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்களாக!