வலிப்புக்கு ஆபரேஷன் உண்டா?



யாருக்காவது வலிப்பு வந்தால் நம் கமுதிப் பக்கம் முதலில் தேடுவது சாவிக்கொத்தை. அடுத்து மந்திரித்த கயிறு. டாக்டர் நினைப்பு கடைசியில்தான் வருது. வலிப்பு மூளையில் வரும் நோய். பத்தில் ஏழு பேருக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டாலே நின்றுவிடும். இரண்டு வகை மாத்திரை சரியான அளவில் சாப்பிட்டும் நிற்கவில்லை என்றால், ஏன் என்று பார்க்க வேண்டும். மூளை ரத்தக்குழாய்க் கோளாறு அதில் ஒரு காரணம். பிறவியிலேயே இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும்.

கண்மாய் மடையில் திறந்த தண்ணீர், சின்னச் சின்ன வாய்க்காலாகப் பிரிந்து, வயலில் பாய்ந்து, மிச்சம்தான் வடிகாலுக்குப் போகும். மூளையில் ரத்தமும் அப்படித்தான். சிலருக்கு நடுவில் வாய்க்காலே இல்லாமல் பெரிய குழாய் நேராக வடிகாலில் சேர்ந்திருக்கும். வேகம் தாங்காமல் கரை உடையலாம். பக்கத்து மூளைக்கும் ரத்தம் சரியாகக் கிடைக்காது. இன்னொரு வகையில் குழாய்கள் பழக்கொத்து மாதிரி திரண்டு, துளித்துளியாக ரத்தம் கசியும். அந்த ரத்தத்திலுள்ள இரும்புச்சத்து சுற்றிலும் படிந்து மூளையை உறுத்தும், வலிப்பு வரும். நாம் கையில் இரும்பைக் கொடுக்கிறோம், கோளாறு உள்ளே படிந்த இரும்பில் இருக்கிறது!

கசியும் கொத்தை, கறை படிந்த ஓரத்தோடு ஆபரேஷனில் எடுத்தால், பத்தில் ஏழு பேருக்கு மேல் வலிப்பு நின்றுவிடுகிறது. வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்தப் பலன் குறையும். முதல் வகைக்கு ஆபரேஷன் மட்டுமில்லை. தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அடைப்பதும், கதிர்வீச்சும் உண்டு. கதிர்வீச்சில் அடைபட இரண்டு மூன்று வருஷமாகும். பேச்சு, கை கால் அசைவுக்கான இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்றுகூட டாக்டர் சொல்லலாம். செய்துகொண்டாலும் மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது.

இது புது வைத்தியம் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1949ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் 1995 முதல் வலிப்புக்கென்றே ஆபரேஷன் நடக்கிறது. நமக்கு அருகில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவு எவ்வளவு கழியும் என்று அங்கேயே கேளுங்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும். விசாரிக்காமல் வட்டிக்கு வாங்கி ஓட வேண்டாம்.

வலிப்பு நிற்கும் வரை கரிமூட்டம், கிணறு, ஊரணி பக்கம் தனியாகப் போக வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

கல்யாணம் நின்றுபோகும் என்று பெண்பிள்ளைகளுக்கு வலிப்பை மறைக்கிறோம். வலிப்பைக் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாது எனச் சொல்ல முன்பு சட்டத்தில் இடமிருந்தது. 1999ல் அதை எடுத்துவிட்டார்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் அந்தப் பிள்ளை மாத்திரையைத் தானே நிறுத்திவிடும், அதுதான் ஆபத்து. சில மாத்திரை வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.