நலமான பிறகும் நிறுத்தக் கூடாத மாத்திரை



நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவி பெற்றுவந்த சகோதரர் ஒருவருக்கு நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய். மருத்துவர்கள் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள். தினமும் இமாட்டினிப் மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஓராண்டுக்குள் ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியானது. வேலைக்கும் போகத் தொடங்கினார். "நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு மாத்திரை? அந்தப் பணம் வேறொரு ஏழைக்குப் போகட்டும்" என்று நல்லெண்ணத்தில் தானாகவே நிறுத்திவிட்டார். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. மாத்திரைக்குப் பணம் கொடுத்த நாங்கள், அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஒருநாளும் அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. அந்தக் குறை எங்களுடையது. இந்தப் பாடத்தை எழுதுவது அதனால்தான்.

அணையாத சுவிட்ச்

சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள ஒரு நொதி (என்சைம்) மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். இப்படி உடம்பின் பல வேலைகளுக்கும் தனித்தனி நொதிகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். அவற்றில் கைனேஸ் என்ற வகை, சுவிட்ச் போன்றது. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டும். "செல்லே, பிரிந்து பெருகு" என்ற கட்டளை பல சமயம் இந்த வழியாகத்தான் போகிறது. வேலை முடிந்ததும் சுவிட்ச் அணைந்துவிட வேண்டும்.

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் இருவரும் சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிறியதாக ஒரு குரோமோசோம் இருப்பதைக் கண்டார்கள். 1973இல் ஜேனட் ரௌலி என்ற பெண் விஞ்ஞானி அதன் காரணத்தைச் சொன்னார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில் பி.சி.ஆர்., ஏ.பி.எல். என்ற இரு மரபணுக்கள் ஒன்றாகி, அணையவே அணையாத ஒரு கைனேஸை உண்டாக்குகின்றன. மோட்டார் சுவிட்சை அணைக்க மறந்தால் மேல்தொட்டி நிரம்பி வழிவதுபோல, வெள்ளை அணுக்கள் பெருகி வழிகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மாற்றம் பிறந்த பின் எலும்பு மஜ்ஜையில் ஏற்படுவது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வராது, தொற்றவும் செய்யாது. ஒரு வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது அநியாயம்.

சுவிட்சை அணைத்த மருந்து

பழைய கீமோ மருந்துகள் பல, வேகமாகப் பெருகும் செல்களில் நல்லது கெட்டது பார்க்காமல் தாக்கின. இந்த ஒரு நொதியை மட்டும் குறிவைத்தால் என்ன என்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நிக்கோலஸ் லைடன் குழுவினர் யோசித்தார்கள். நொதியில் ஏ.டி.பி. வந்து அமரும் பள்ளத்தில் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றை, பலமுறை மாற்றி மாற்றிச் செய்து உருவாக்கினார்கள். அதுவே இமாட்டினிப். அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் சீரான நிலைக்கு வந்தன. 2001 மே மாதம் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது.

மருந்து வந்தும் விலை எட்டவில்லை. நம் நாட்டில் ஒரு மாத மருந்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு நீண்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. இன்று ஏழை வீடுகளிலும் இந்த மாத்திரை இருப்பதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு.

ஏன் நிறுத்தக் கூடாது?

மாத்திரை சுவிட்சை அணைத்துப் பிடித்திருக்கிறது. பழுதான மரபணுவைச் சரிசெய்வதில்லை. கையை எடுத்தால் மோட்டார் மறுபடி ஓடும். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளின் மாத்திரைக் குப்பிகளில் மின்னணுக் கருவி பொருத்திக் கவனித்தார்கள். பத்தில் ஒன்பது வேளைக்கு மேல் தவறாமல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு ஆறாண்டில் நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு இருந்தது. அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு முப்பதைக்கூடத் தொடவில்லை.

பல ஆண்டுகள் நோய் ஆழமாக அடங்கியிருக்கும் சிலருக்கு, மருத்துவரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அப்போதும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை:

1. மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் எடுங்கள்.
2. கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு வரலாம். வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள்.
3. நாட்டு மருந்தோ வேறு மாத்திரையோ சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.
4. குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் சகோதரிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.
5. ரமலானில் மாத்திரையை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றலாமா, நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்காக மருந்தை விட்டுவிடாதீர்கள்.

நாம் சொன்ன சகோதரர் இப்போது வேறொரு மாத்திரையில் இருக்கிறார். அது முன்னதைவிட விலை கூடியது. அல்ஹம்துலில்லாஹ், நோய் கட்டுப்பட்டு வருகிறது. பணம் தீர்ந்ததால் மாத்திரை நின்றுவிடும் நிலை யாருக்காவது வந்தால், கடைசி அட்டை முடிவதற்கு முன்பே அலுவலகத்துக்கு வாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை. மருத்துவம் செய்துகொள்வது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே.