வகுப்பறையில் ஒரு நட்சத்திரம்: கிறிஸ்துமஸ் கைவேலையும் தமிழ்ப் பாடமும்



டிசம்பர் பிறந்துவிட்டால் தில்லிப் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் அலங்காரம் தொடங்கிவிடும். 25ஆம் தேதி விடுமுறை என்பதால் அதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே வகுப்பறையில் விழா நடக்கும். சதர் பஜாரில் வாங்கிய ஜரிகைத் தோரணத்தை ஒரு மணி நேரத்தில் தொங்கவிட்டு, சிவப்புக் குல்லா அணிந்து, கேக் சாப்பிட்டுக் கலைந்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஏன் நட்சத்திரம், ஏன் குடில் என்று கேட்டால் விடை வருவதில்லை. அந்த வகுப்பிலேயே அமர்ந்திருக்கும் கிறிஸ்தவப் பிள்ளையிடம், "உங்கள் வீட்டில் எப்படிக் கொண்டாடுவீர்கள்?" என்று கேட்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

1923இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடவேளை கிடைக்கிறது. வேறு பள்ளிகள் பலவற்றில் அந்த வாய்ப்பு இல்லை. அப்பிள்ளைகளுக்கு வீடும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புமே தமிழ்ப் பள்ளி. புத்தகத்தில் படித்த சொல் மறந்து போகும். கையால் செய்த பொருளின் பெயர் எளிதில் மறக்காது. ஆகவே அலங்காரத்தையே பாடமாக்குவோம். கீழ்க்காணும் பயிற்சி நான்கு பாடவேளைகளுக்கு உரியது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தலாம்.

முதற் பாடவேளை: நட்சத்திரம்

தேவையானவை: கெட்டி அட்டை, கவராயம், கோணமானி, கத்தரிக்கோல், பசை, வண்ணத்தாள். அட்டையும் தாளும் சாவ்ரி பஜார் காகிதக் கடைகளில் கிடைக்கும். ஆகஸ்டு 15க்குப் பட்டம் விட வாங்கிய மெல்லிய தாள் வீட்டில் மீந்திருந்தால் அதுவே போதும்.

செய்முறை: அட்டையில் 15 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைக. கோணமானியால் 72 பாகைக்கு ஒரு புள்ளியாக வட்டத்தின்மேல் ஐந்து புள்ளிகள் இடுக. ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாகக் கோட்டால் இணைத்தால் ஐந்து முனை நட்சத்திரம் தோன்றும். அதை வெட்டி எடுத்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் மையம் வரை மேடாகவும், ஒவ்வொரு உள்மூலையிலிருந்தும் மையம் வரை பள்ளமாகவும் மடித்தால் நட்சத்திரம் உப்பி நிற்கும். அதன்மேல் வண்ணத்தாளை ஒட்டுக. இப்படி இரண்டு செய்து, முனைகளை ஒட்டிச் சேர்த்து, நூலில் கட்டித் தொங்கவிடலாம்.

இங்கே ஒரு கணக்கு. பழைய செய்தித்தாளில் அதேபோல் ஒரு நட்சத்திரம் வெட்டி, ஐந்து முனைகளையும் தனித்தனியே நறுக்கி, கூர்முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி அடுத்தடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவை சேர்ந்து ஒரு நேர்கோடாகும். ஒரு முனை 36 பாகை; ஐந்தும் சேர்ந்தால் 180. வாய்ப்பாடாகச் சொல்லித் தருவதைவிட இது நன்றாக மனத்தில் பதியும்.

நட்சத்திரத்துக்கும் கணக்கு வகுப்புக்கும் உள்ள உறவு புதியதல்ல. உலகெங்கும் புகழ்பெற்ற ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் நீஸ்கி என்னும் ஊரிலிருந்த பள்ளியில் வடிவியல் பயிற்சியாகவே பிறந்தது. தமிழ்நாட்டிலோ மூங்கில் சிம்புகளைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு பல்பு வைத்து வீட்டு வாசலில் ஏற்றுவார்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் யாரேனும் அருகில் இருந்தால் வகுப்புக்கு அழைத்து ஒன்று செய்து காட்டச் சொல்லலாம்.

இரண்டாம் பாடவேளை: மரம்

வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மனி நாட்டில் வளர்ந்தது. விக்டோரியா அரசியார் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் இலண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தபின் அது இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது. நம் நாட்டில் அந்த ஊசியிலை மரம் மலைப்பகுதிகளில்தான் வளரும். தமிழ்நாட்டில் பலர் சவுக்குக் கிளையை நட்டு அலங்கரிப்பார்கள். தில்லி நர்சரிகளில் "மோர்பங்கி" என்ற தொட்டிச்செடி கிடைக்கும். மயில் இறகு என்பது அப்பெயரின் பொருள். கிளையை வெட்டாமல் இதையே அலங்கரித்தால், விழா முடிந்தபின் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார்கள்.

எச்சரிக்கை இரண்டு. பனி போலப் பஞ்சு ஒட்டினால் அதனருகே மெழுகுவத்தியோ சூடேறும் பல்போ கூடாது. சீரியல் விளக்கைப் பெரியவர்களே பொருத்த வேண்டும். அலங்காரத்துக்குத் தெர்மகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

மூன்றாம் பாடவேளை: குடில்

நவராத்திரிக்குக் கொலு வைத்துப் பழகிய பிள்ளைகளுக்குக் குடில் அமைப்பது எளிது. கொலுவில் படிகள், இங்கே வைக்கோல் வேய்ந்த ஒரு மாட்டுத் தொழுவம். இத்தாலியில் கிரேச்சோ என்னும் சிற்றூரில் 1223ஆம் ஆண்டு அசிசி நகர் பிரான்சிஸ், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி இக்காட்சியை அமைத்தார். குடில் வைக்கும் வழக்கம் பரவ அது காரணமாயிற்று. களிமண்ணால் பொம்மைகளும், செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியால் தொழுவமும் செய்யலாம்.

செய்யும்போதே சொற்களைக் கற்பியுங்கள். இந்திச் சொல் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும், அதிலிருந்து தொடங்கலாம்.

முன்னணை: மாட்டின் முன்னே தீனி வைக்கும் இடம். குழந்தை இயேசு கிடத்தப்பட்ட இடத்துக்குத் தமிழ் விவிலியத்தில் வழங்கும் சொல். இந்தியில் "சர்னீ".

ஆயர்: ஆநிரை மேய்ப்பவர். முல்லை நிலத்து மக்களுக்குச் சங்க இலக்கியத்தில் இப்பெயர். கத்தோலிக்கர் தம் மறைமாவட்டத் தலைவரையும் ஆயர் என்றே அழைக்கின்றனர். ஏன் என்று பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும்.

வெள்ளைப்போளம்: ஒரு மரத்தின் நறுமணப் பிசின். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் கொண்டுவந்த மூன்று காணிக்கைகளில் ஒன்று. மற்றவை பொன்னும் சாம்பிராணியும்.

வளன்: சூசையப்பருக்கு வீரமாமுனிவர் வழங்கிய தமிழ்ப் பெயர். அவர் இயற்றிய தேம்பாவணிக்கு இவரே தலைவர்.

"இது நம் பண்டிகை அல்லவே, நம் பிள்ளைக்கு எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கலாம். தமிழில் அகராதி புரட்டும் எவரும் 1732இல் சதுரகராதியைத் தொகுத்த அந்த வீரமாமுனிவருக்குக் கடன்பட்டவரே. தமிழில் அச்சுப் புத்தகம் படிக்கும் எவரும் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி அங்கே அச்சகம் நிறுவிய சீகன்பால்குவுக்கும் கடன்பட்டவரே. குடில் செய்யக் கற்பதால் எந்தப் பிள்ளையும் தன் வழிபாட்டை விட்டுவிடப் போவதில்லை. தன் மொழியில் மேலும் பத்துச் சொற்கள் கற்றுக்கொள்ளும்.

நான்காம் பாடவேளை: விருந்தோம்பல்

இதுவே இப்பாடத்தின் உயிர். வகுப்பில் கிறிஸ்தவ மாணவர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். அலங்காரம் முடிந்ததும் அவர்களே வகுப்பை வரவேற்கட்டும். பாட்டு, நள்ளிரவு வழிபாடு, புத்தாடை, வீட்டில் சுடும் முறுக்கு, அதிரசம் பற்றி விரும்பியதைச் சொல்லட்டும். முன்னதாகவே அவர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பேசக் கூச்சப்படும் பிள்ளையை வற்புறுத்தி நிறுத்தக் கூடாது. அவர்கள் காட்சிப்பொருள் அல்லர். அன்று அவர்கள் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தினர். பொங்கலுக்கோ ஈதுக்கோ குருபர்வத்துக்கோ வேறு பிள்ளைகள் வீட்டுக்காரர் ஆவார்கள்.

நாமும் இந்நகரில் சிறுபான்மைதான். நம் பண்டிகை நாளில் பக்கத்து வீட்டார் வந்து, "இன்று உங்களுக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டால் நம் மனம் எப்படிக் குளிர்கிறது! அதே கேள்வியை வகுப்பிலுள்ள தோழரிடம் கேட்க நம் பிள்ளைகள் பழக வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. டிசம்பர் 21 அல்லது 22இல் பகல் மிகக் குறுகியது. அன்று தில்லியில் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடம்; சென்னையில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். இந்த வேறுபாடு ஏன்? பூகோளப் படத்தைப் பார்த்துக் கூறுக.

2. ஆறு முனை நட்சத்திரம் வரைய வட்டத்தை எத்தனை பாகைக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும்?

3. குடிலுக்கும் கொலுவுக்கும் உள்ள ஒற்றுமை இரண்டும் வேற்றுமை இரண்டும் எழுதுக.

4. உன் வகுப்புத் தோழர் ஒருவர் வீட்டுப் பண்டிகையைப் பற்றி அவரிடமே கேட்டு, தமிழில் பத்து வரி எழுதுக.

நான்காம் வினாவுக்கான விடையைப் பெற்றோர் திருத்த வேண்டாம். பிழையிருந்தாலும் பிள்ளை உரக்கப் படிக்க, அமர்ந்து கேளுங்கள். விடுமுறையில் ஒரு நாள் கோல் டாக்கானா அருகிலுள்ள திருஇருதயப் பேராலயத்துக்கு அழைத்துச் சென்று அங்குள்ள குடிலைக் காட்டுங்கள். முன்னணை எங்கே, ஆயர் எங்கே என்று பிள்ளைகள் உங்களுக்குக் காட்டுவார்கள்.